கூம்புத் துளை எடுத்தல்

நேர்த்துளை போடக் கடையில் வாங்கும் டிரில் பிட் போதும். வாய் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும் துளைக்கு அப்படி ஒரு பிட் எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் அதன் சரிவு நம் வேலைக்கு ஒத்துவருவது அரிது. ஆனால் மரவேலையில் இந்தத் துளை எத்தனையோ இடத்தில் வருகிறது. முக்காலியின் கால் பலகைக்குள் இறங்கும் இடம், வீணையில் பிருடை திரும்பும் இடம், நாகசுரத்தின் உட்குழல் எல்லாமே கூம்புதான். நீளமும் சரிவும் வேறுபடுகின்றன. வேலையின் முறை ஒன்றுதான். முதலில் மிகுதி மரத்தைச் சாதாரணத் துளையாக எடுத்துவிட்டு, பிறகு கூம்பு வடிவிலேயே செய்த ஒரு ரீமரால் சுற்றிச் சுற்றிச் சுரண்டி இறுதி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே கூம்புத் துளையின் தரம் மரத்தில் தீர்மானமாவதில்லை, ரீமரில் தீர்மானமாகிறது. ரீமரின் நடு வளைந்திருந்தால் துளையின் நடுவும் வளையும். பலரும் துளைக்கு அரை நாளும் கருவிக்கு அரை மணியும் ஒதுக்குகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள்.

ஏன் கூம்பு?

நேரான முளையை நேரான துளையில் இறக்கினால், பொருத்தம் சரியாக அமைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விட்டத்தில் 0.2 மி.மீ. தவறினால் ஒன்று ஆடும், அல்லது பலகை பிளக்கும். கூம்பில் அந்தத் தவறு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. 10 மி.மீ. ஆழத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறைகிற சரிவை எடுத்துக்கொள்வோம். துளை 0.1 மி.மீ. சிறுத்துப்போனால் முளை 1 மி.மீ. மேலே நின்றுவிடும். 0.1 மி.மீ. நம் கண்ணுக்குத் தெரியாது, 1 மி.மீ. தெரியும். இன்னும் இரண்டு சுற்றுச் சுரண்டினால் முளை இறங்கிவிடும். கூம்பு அளவுப் பிழையை ஆழமாக மாற்றிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நுண்ணளவுக் கருவிகள் இல்லாத காலத்து ஆசாரிகள் மிகத் துல்லியமான பொருத்தங்களைச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது பலன் பிடிப்பு. மேலிருந்து பாரம் ஏற ஏறக் கால் இன்னும் இறுகும். சரிவு குறைவாக இருந்தால் உராய்வே பிடித்துக்கொள்ளும். லேத்தில் பிட் பிடிக்கும் மோர்ஸ் கூம்பு ஏறத்தாழ 20க்கு 1 என்ற சரிவில்தான் திருகோ ஆணியோ இல்லாமல் நிற்கிறது. வயலின் பிருடைக்கு 30க்கு 1. அது இறுகவும் வேண்டும், கையால் திருப்பினால் நகரவும் வேண்டும். முக்காலி, நாற்காலிக் கால்களுக்கு 10க்கு 1 நல்ல சரிவு. இந்த அத்தியாயத்தில் அதையே கொள்கிறேன். கணக்கும் மனத்திலேயே போடலாம்: பலகை 40 மி.மீ. தடிமன், மேல்வாய் 16 மி.மீ. என்றால், கீழ்வாய் 20 மி.மீ.

ரீமர் செய்தல்

வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த கனமான மரத்துண்டு வேண்டும். கருவேலம், வேம்பின் உள்வைரம், பழைய தேக்குச் சட்டம் எதுவும் ஆகும். நார் நேராக ஓடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்; முறுக்கு நார் இருந்தால் அடுத்த மழைக்காலத்தில் ரீமர் வளைந்துவிடும். கூம்புப் பகுதி 160 மி.மீ. நீளம், நுனி 10 மி.மீ., அடி 26 மி.மீ. அதற்கு மேல் கைப்பிடிக்கு ஒரு சாண் நேர்த்தடி விட்டு, அதில் குறுக்கே துளையிட்டு ஒரு தண்டைச் செருகினால் இரண்டு கையாலும் திருப்பலாம்.

இந்தக் கூம்பைக் கடைசல் இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டும். உங்களிடம் லேத் இல்லையென்றால் கட்டில் கால் கடையும் பட்டறைக்குப் போங்கள். இழைப்புளியால் சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, பிறகு அரத்தால் உருட்டியும் செய்யலாம், ஆனால் உருண்டை சரியாக வராது, அந்தக் கோணல் அப்படியே துளைக்குள் போகும். பட்டறையில் இருக்கும்போதே அதே சரிவில் இன்னொரு கூம்பும் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அலகு வேண்டாம். அது சோதனைக் கூம்பு. பின்னால் அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

கடைந்த கூம்பின் மேல் எஃகு அளவுகோலை நீளவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இடையில் ஒளி கசிந்தால் அங்கே பள்ளம். அளவுகோல் நடுவில் ஊஞ்சலாடினால் அங்கே மேடு. இரண்டும் இல்லாத வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது அலகு. பழைய பவர் ஹாக்ஸா பிளேடு அல்லது கைரம்பத்தின் தகடு எடுத்து, பற்களைச் சாணையில் தேய்த்து எடுத்துவிடுங்கள். கூம்பின் நீளவெட்டு வடிவத்திலேயே, அதாவது ஒரு முனையில் 10 மி.மீ., மறுமுனையில் 26 மி.மீ. அகலமாகத் தகட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்கவும். கைரம்பத் தகட்டில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள்; அது வரைக்கும் தேய்த்து நீக்கியாக வேண்டும்.

கூம்பின் நுனியிலிருந்து மையக்கோடு வழியாக நெடுக ஒரு வாள்வெட்டுப் போட்டு, கைப்பிடிக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். தகடு அந்த வெட்டுக்குள் இறுக்கமாக இறங்க வேண்டும். தளர்ந்தால் காகிதத் துண்டு வைத்து இறுக்கலாம். தகட்டின் ஒரு விளிம்பு மரத்தின் மேற்பரப்பிலிருந்து நூலிழை அளவு, அதாவது 0.3 மி.மீ. போல, வெளியே நீண்டிருக்கட்டும். எதிர்ப்பக்க விளிம்பு மரத்தை விட்டு வெளியே வரவே கூடாது. இரண்டு பக்கமும் வெட்டும்படி செய்பவர்களும் உண்டு. ஒரு பக்கம் எஃகு வெட்ட, மறுபக்கம் மரம் அணைத்துக்கொண்டு வந்தால் கருவி துள்ளாது, துளையின் சுவரில் பட்டை விழாது என்பதால் ஒற்றை விளிம்பையே நான் பரிந்துரைப்பேன்.

வெட்டும் விளிம்புக்கு முன்னால் மரத்தை 3 மி.மீ. அகலத்துக்கு உளியால் சாய்வாகச் சீவி ஒரு வாய்க்கால் அமைக்க வேண்டும். சுரண்டிய துகள் தங்க இடம் வேண்டுமே. இதை விட்டுவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே துகள் அடைத்துக்கொண்டு, அலகு மரத்தைத் தொடாமலே சுழலும். விளிம்பைச் சதுரமாகத் தீட்டி, உருண்டையான கெட்டி எஃகுக் கம்பியால் ஒருமுறை அழுத்தி இழுத்தால் மிக மெல்லிய கொக்கி மடிப்பு எழும். அந்த மடிப்புதான் மரத்தைச் சீவுகிறது. தூளாக விழுந்தால் மடிப்பு மழுங்கிவிட்டது, சுருளாக விழுந்தால் சரியாக இருக்கிறது.

முக்காலிப் பலகையில்

முதலில் சிறிய வாயின் அளவைவிட ஒரு மி.மீ. குறைந்த பிட்டால், காலின் சாய்வுக் கோணத்திலேயே பலகையை ஊடுருவத் துளையிடுங்கள். 16 மி.மீ. மேல்வாய்க்கு 15 மி.மீ. பிட். மேற்பக்கத்தில் பிட் வெளிவரும் இடத்தில் ஒரு கழிவுப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஓரம் பிய்யாது. பிறகு அதே கீழ்ப்பக்கத்திலிருந்து ரீமரை இறக்க வேண்டும். அகன்ற வாய் எப்போதும் கால் நுழையும் பக்கம்.

அழுத்த வேண்டாம். ரீமரின் எடையும் கையின் எடையும் போதும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள். நார் குறுக்காக வெட்டுப்படும் பக்கமும் நெடுக்காக வெட்டுப்படும் பக்கமும் ஒரே துளைக்குள் மாறி மாறி வருகின்றன. ஒன்று கடினம், ஒன்று மென்மை. ஒரே இடத்தில் நின்று திருப்பிக்கொண்டிருந்தால் உடம்பின் சாய்வும் சேர்ந்து, மென்மையான பக்கம் அதிகம் தேய்ந்து துளை முட்டை வடிவமாகும். ஆகவே ஒவ்வொரு முறை எடுத்துப் போடும்போதும் பலகையைச் சுற்றிக் கால்வட்டம் நகர்ந்து நில்லுங்கள்.

கோணத்தைத் திருத்தும் வசதி கூம்புத் துளையில் இருப்பதுபோல் வேறெதிலும் இல்லை. பாதி ஆழம் போனதும் சோதனைக் கூம்பைத் துளையில் செருகி, அதன் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சாய்மட்டத்தால் பாருங்கள். ஒரு பாகை விலகியிருந்தால் ரீமரை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் திருப்பினால் துளை நேராகிவிடும். ஆழம் முடிவதற்கு 5 மி.மீ. முன்னால் இந்தத் திருத்தத்தை முடித்துவிட வேண்டும். கடைசி 5 மி.மீ. சுற்றிலும் ஒரே சீராகச் சுரண்டுவதற்கு.

காலின் முளையையும் அதே சரிவில் கடைந்து, அதன் மேல் பென்சில் கரியைப் பூசித் துளையில் வைத்துக் கால் சுற்று திருப்பி எடுங்கள். துளைச் சுவரில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இரண்டும் தொடுகின்றன. மேல்வாயிலும் கீழ்வாயிலும் கரி இருந்து நடுவில் இல்லையென்றால் முளையின் நடு ஒடுங்கியிருக்கிறது, அல்லது துளையின் நடு அகன்றிருக்கிறது. வெளியே இருப்பதால் முளையைத் திருத்துவது எளிது. ஒரு வாயில் மட்டும் கரி இருந்தால் இரண்டின் சரிவும் ஒத்துப்போகவில்லை. கரி முழுச் சுவரிலும் படர்ந்த பிறகே ஃபெவிகால். முளை மேற்பரப்புக்கு மேலே சற்று நீட்டி நிற்கட்டும். அதில் வெட்டுப் போட்டு ஆப்பு அடிக்கும்போது, ஆப்பின் நீளவாக்கு பலகையின் நாருக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நாரோடு ஒட்டி அடித்தால் முக்காலியில் உட்காரும் முன்பே பலகை பிளந்துவிடும்.

மரத்தின் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த மரமும் காயும்போது நாரின் நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈரப்பலகையில் இன்று உருண்டையாக எடுத்த துளை ஆறு மாதத்தில் நீள்வட்டமாகும். பலகை சற்று ஈரமாக இருந்தாலும் கால்கள் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்; முளை பிறகு சுருங்கினால் பொருத்தம் போய்விடும்.

நீளக் குழலில்

குட்டைத் துளையில் ரீமரே பெரும்பாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நீளமான கூம்பில் சிக்கல் வேறு. இதற்கு நாகசுரத்தைவிட நல்ல பாடம் தெரியவில்லை. கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையை ஒட்டிய நரசிங்கம்பேட்டையில் தலைமுறைகளாக இதைச் செய்கிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. மரம் ஆச்சா, இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. அதையும் புதிதாக வெட்டி வாங்குவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் ஆகியவற்றைத் தேடி எடுக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம் இனிச் சுருங்க அதிகம் ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஈரக்கணக்கை அந்தப் பட்டறைகள் மரத்தேர்விலேயே முடித்துவிடுகின்றன.

குழலின் உள்ளே கூம்பு ஏன் அவ்வளவு முக்கியம்? சீவாளி வைத்து ஊதும் கருவியில் உட்குழல் நேர் உருளையாக இருந்தால், ஊதலை மாற்றி மேலே எழுப்பும்போது சுரம் எட்டாவதில் போய் நிற்காமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும். கிளாரினெட் அப்படித்தான். கூம்பாக இருந்தால் எட்டாவதுக்கே போகும். ஆகவே அதே விரல்வைப்பில் மேல் ஸ்தாயியும் கிடைக்கிறது. ஷெனாய், ஓபோ, சாக்ஸபோன் எல்லாம் இந்தக் குடும்பம். கூம்பின் சரிவு ஓரிடத்தில் கெட்டால் எல்லாச் சுரமும் ஒன்றாகக் கெடாது. சில ஏறும், சில இறங்கும். துளைகளை இடம் மாற்றிச் சரிசெய்ய முடியாத கோணல் அது. நாகசுர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, திமிரி என்ற குட்டை நாகசுரத்தைவிட நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை உருவாக்கிக் கொடுத்தது இசை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. மரவேலைக்காரர் கண்ணால் பார்த்தால் அதன் பெருமை இன்னும் கூடுகிறது. குழலின் நீளம் மாறினால் உள்ளே சரிவும் மாறியாக வேண்டும், சரிவு மாறினால் பழைய கருவி உதவாது.

நீங்கள் நாகசுரம் செய்யப் போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. நீளம், ஒரு முனை 6 மி.மீ., மறுமுனை 24 மி.மீ. என்ற பயிற்சிக் குழல் போதும். இதில் முழுக்க ரீமரையே நம்பினால் கை ஓய்ந்துவிடும், அலகும் சூடேறும். படிப்படியாகத் துளையிட்டுப் பெருமளவு மரத்தை முன்பே எடுத்துவிட வேண்டும். நீளம் 300க்கு விட்டம் 18 குறைகிறது. அதாவது 50 மி.மீ.க்கு 3 மி.மீ. அகன்ற வாயிலிருந்து 50 மி.மீ. ஆழத்தில் கூம்பின் விட்டம் 21, 100இல் 18, 150இல் 15, 200இல் 12, 250இல் 9. ஒவ்வொரு பிட்டையும் அந்த ஆழத்துக்கு 10 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். 21 மி.மீ. பிட் 40 வரைக்கும், 18 மி.மீ. பிட் 90 வரைக்கும், இப்படியே 9 மி.மீ. பிட் 240 வரைக்கும். கடைசியில் 6 மி.மீ. ஊடுருவிப் போகட்டும். இந்த 10 மி.மீ. இடைவெளி விட்டத்தில் 0.6 மி.மீ. மிச்சம் வைக்கிறது, ரீமர் தின்ன வேண்டியது அதையும் படிகளின் முனைகளையும் மட்டுமே. பிட்டின் தண்டில் காகித டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு படி ஆழமாகப் போய்விட்டால் அந்த வளையம் கூம்புக்குள் என்றைக்கும் தெரியும். பிறகு முழுக் கூம்பையும் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை.

எந்தப் பிட் முதலில்? நடுவில் கூர்முனை உள்ள பிட்டுகள் என்றால் பெரியதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் முனையும் அடுத்ததற்கு மையக்குழி விட்டுச் செல்லும். சிறு துளையை முதலிலேயே போட்டுவிட்டால் பெரிய பிட்டின் முனைக்குப் பற்றிக்கொள்ள மரம் இருக்காது, அலையும்.

நீளமான பிட் நாரைத் தொடர்ந்து விலகிப் போவது இயல்பு. பிட்டை அசையாமல் பிடித்து மரத்தைச் சுழற்றினால் விலகல் குறையும்; ஆகவே முடிந்தால் லேத்தில் துளையிடுங்கள். அப்படியும் கொஞ்சம் விலகும். அதற்கு மருந்து வேலையின் வரிசையில் இருக்கிறது. உட்துளையை முதலில் முடித்து, இரண்டு வாயிலும் கூம்பு அடைப்பான்கள் செருகி, அவற்றை மையமாகக் கொண்டு லேத்தில் பிடித்த பிறகே வெளிப்புறத்தைக் கடைய வேண்டும். துளை மரத்தின் நடுவை விட்டு 3 மி.மீ. விலகிப் போயிருந்தாலும், வெளிப்புறம் துளையைச் சுற்றி அமைவதால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் ஆகிவிடும். வெளியே அழகாகக் கடைந்து மெருகேற்றிவிட்டுப் பிறகு துளைபோடப் போகிறவர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார். ஆகவே மரத்தைத் தேவைக்கு மேல் நல்ல பருமனாக எடுத்துத் தொடங்குங்கள்.

இரண்டாகப் பிளந்து குடைதல்

ரீமர் செய்ய முடியாத அளவுகளுக்கும் வளைந்த குழல்களுக்கும் வேறு வழி உண்டு. மரத்தை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் அரைக்கூம்புப் பள்ளம் குடைந்து, மறுபடி ஒட்டுவது. சுவிட்சர்லாந்தின் ஊதுகொம்பான ஆல்ப்ஹார்ன் இப்படிச் செய்யப்படுகிறது. ஐரோப்பாவின் பழைய ஊதுகருவியான கார்னெட்டோவும் இப்படித்தான். ஒட்டிய பிறகு அதன் மேல் தோல் சுற்றிவிடுவார்கள்.

அறுத்த முகங்களை இழைப்புளியால் தட்டையாக்கிய பின்பே கோடு போடுங்கள். முன்பே கோடு போட்டால் வாளும் இழைப்புளியும் தின்ற மரம் துளையின் அளவில் குறையும். குழி உளியால் குடையும்போது பள்ளம் சரியான அரைவட்டமா என்று பார்க்க, மூலைமட்டம் ஒன்றே போதும். அதன் இரண்டு கைகளும் பள்ளத்தின் இரண்டு ஓரக்கோடுகளையும் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். மூலை பள்ளத்தின் அடியைத் தொட்டால் அந்த இடம் அரைவட்டம். மட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் மூலை சுவரைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். அரைவட்டத்துக்குள் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்த வடிவியல்தான் இது. கூம்பு எங்கே அகன்று எங்கே குறுகினாலும் இந்தச் சோதனை பொருந்தும், தனித்தனி அச்சுத் தகடுகள் வெட்ட வேண்டியதில்லை.

ஒட்டியதும் உள்ளே பிதுங்கும் பசை காய்வதற்குள், நூலில் கட்டிய ஈரத்துணியைக் குழலுக்குள் இழுத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த பசையை நீளக் குழலுக்குள் சுரண்டுவது பெரும்பாடு.

காய்ச்சிய கூம்புக் கம்பியால் சுட்டுத் துளைப்பதும் உண்டு. வேகமான வழிதான். ஆனால் கரிந்த படலம் சுவரில் நிற்கும், அதன் மேல் பசை பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்தால் அளவு மாறிவிடும். பசை தேவைப்படாத, அளவு முக்கியமில்லாத இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிப்பு

ரீமர் விட்டுப்போன சுவரின் மேல் உப்புத்தாளைப் பயன்படுத்துவதாக இருந்தால், விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். வாய் மட்டும் அகன்றுபோகும். சோதனைக் கூம்பில் உப்புத்தாளை ஒட்டி அதனால் தேய்த்தால் சரிவு கெடாது. கூர்மையான அலகு நன்றாக வேலை செய்திருந்தால் உப்புத்தாளே தேவைப்படாது. முக்காலித் துளையில் எண்ணெய் படவே கூடாது, பசை விட்டுவிடும். ஊதும் குழலுக்கு மாறாக, மூச்சின் ஈரம் மரத்தில் ஊறாமலிருக்க உட்சுவருக்கு எண்ணெய் வேண்டும். மெல்லிய பூச்சாக, ஊறியதும் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி இன்னொரு பூச்சு.

ஊதும் குழலை முதல் சில மாதங்கள் கவனித்துக்கொண்டே இருங்கள். ஈரம் ஏறி இறங்கி மரம் தன் நிலைக்கு வரும்போது உட்சுவர் சில இடங்களில் மேடு கட்டும். அப்போது அதே ரீமரை, அலகை இன்னும் குறைவாக நீட்டிவைத்து, மிக மெதுவாக ஒருமுறை ஓட்டினால் மேடு மட்டும் சீவப்படும். இந்த மறு இழைப்புக்காகவே ரீமரைப் பத்திரப்படுத்த வேண்டும். அலகில் துரு ஏறாமல் எண்ணெய் தடவி, கைப்பிடியில் சரிவையும் சிறிய வாய், பெரிய வாய் அளவுகளையும் எழுதி, வெயிலும் சாரலும் படாத இடத்தில் நிமிர்த்தித் தொங்கவிடுங்கள்.